ஒன்றைத் தாண்டாத எண்

சோமேஷ் பாபு அறைக்குள் நுழைந்த வேகத்தில் என் மேசையிலிருந்த பொரிப் பொட்டலம் கீழே விழுந்தது. மனிதருக்கு அவ்வளவு சந்தோஷம்.

"ஐந்தாம் மண்டலம் பாத்தீங்களா? புள்ளி ஒன்பது ஒன்பது ஏழு! நூத்துக்குத் தொண்ணூத்தொம்போது வாங்கிட்டாங்கம்மா பசங்க!"

அந்த எண்ணைக் காலையில் கணக்கிட்டு அவர் கையில் கொடுத்ததே நானும் பக்கத்து மேசைப் பிமலாவும்தான். எங்களுக்கே வந்து செய்தி சொல்கிறார்.

கல்கத்தாவில் அது ஐம்பத்தொன்றாம் வருஷக் குளிர்காலம். வங்காளத்தில் அந்தப் பருவம் எவ்வளவு நெல் விளைந்தது என்று கண்டு சொல்வது எங்கள் அலுவலகத்தின் வேலை. ஒவ்வொரு வயலுக்கும் இரண்டு பேர் தனித்தனியாக, வெவ்வேறு நாளில் போவார்கள். ஒருவர் குறித்தது மற்றவருக்குத் தெரியக்கூடாது. நாலடிக் கயிற்றைச் சுழற்றி வட்டம் போட்டு, அதற்குள் நிற்கும் நெல்லை அறுத்து எடைபோட்டுச் சீட்டு எழுதுவார்கள். இரண்டு பேர் சீட்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, எடைகள் எவ்வளவு தூரம் சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்று நாங்கள் ஒட்டுறவுக் கெழு கண்டுபிடிப்போம். அச்சாக ஒன்றாகவே நடந்தால் ஒன்று. சம்பந்தமே இல்லாவிட்டால் பூஜ்யம்.

கோர்ட் குமாஸ்தாவாக இருந்து மேலாளராக வந்த சோமேஷ் பாபுவுக்கு இதெல்லாம் பரீட்சை மார்க். தொண்ணூற்றொன்பது என்றால் கெட்டிக்காரன், அறுபத்தொன்று என்றால் மக்கு.

"மூணாம் மண்டலத்துல அறுபத்தொண்ணு. ஒருத்தன் பி.ஏ. படிச்சவன், அவன் தப்பா எழுதமாட்டான். இன்னொருத்தன் நிபாரண் சர்தார், நாலாவது வரைக்கும் படிச்சவன். நாலு மணித் தபால்ல அவனை வேலையிலேர்ந்து நிறுத்தி உத்தரவு போகுது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த நிபாரண் சர்தார் விசாரணைக்கு வந்து வெளியே பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார். நாற்பது வயதிருக்கும். காலில் காய்ந்த சேறு, மடியில் அளவுக் கயிறு. மண்குவளையில் டீ கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"என்ன தீதி, வேலை போச்சா? வீட்டுல அஞ்சு வாய்" என்றார். என்னைவிடப் பெரியவர் என்னை அக்கா என்று அழைத்தார்.

"நீங்க வயலுக்கே போகாம எழுதினீங்களாமே?"

"போகாமயா? அட்டை கடிச்ச காலைப் பாருங்க! ஒரே வயல்ல ரெண்டு இடத்துல அறுத்தா ஒரே எடை எப்படி வரும்? ஒரு மூலை பள்ளம், ஒரு மூலைல மூங்கில் நிழல், மிச்சத்தை எலி திங்குது. அதனாலதானே ஆளுக்கு ரெண்டு வட்டம் போடச் சொல்லுது ஆபீஸு?"

ஆளுக்கு இரண்டு வட்டம்! தலையில் யாரோ குட்டியது போலிருந்தது. இரண்டு வட்டத்தையும் கூட்டி ஓர் எடையாகத்தான் எங்களுக்குக் கொடுப்பார்கள். தனித்தனி எடை சீட்டுக் கட்டில் தூங்கிக்கொண்டிருக்கும். அந்த மனிதனின் முதல் வட்டத்துக்கும் இரண்டாம் வட்டத்துக்குமே கெழு எவ்வளவு வரும்? ஒரே ஆள், ஒரே நாள், ஒரே வயல்!

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சீட்டு அறைக்கு ஓடினேன். மணி இரண்டரை. நாற்பத்தெட்டு வயல்.

ஆனால் எங்கள் அறையில் ஒரு சட்டம் உண்டு. இரண்டு பேர் தனித்தனியாகக் கணக்கிட்டு, விடை ஒத்துப்போய், இரண்டு கையெழுத்தும் விழாமல் ஓர் எண்ணும் வெளியே போகக்கூடாது. இரண்டாவது ஆள் பிமலா. மார்ச்சிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை.

மார்ச்சில் எங்கள் இருவர் கையெழுத்தோடும் ஒரு கெழு மேலிடத்துக்குப் போனது. ஒன்று புள்ளி பூஜ்யம் நாலு. கெழு ஒன்றைத் தாண்டவே தாண்டாது. அது பச்சைக் குழந்தைக்கும் தெரியும். மேலிடம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. இருவருக்கும் அந்த வருஷச் சம்பள உயர்வு போனது. கைப்பிடி சுற்றும் கணக்கு இயந்திரத்தில் பல்சக்கரம் வழுக்கிவிட்டது என்று எழுதி முடித்தார்கள்.

"பிமலா, ஒரு கணக்கு."

அவள் பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தாள்.

"அடியே, பருப்புல சர்க்கரை போடுற ஊர்க்காரி! உன்னைத்தான்! வெளியில ஒருத்தர் பொழப்பு தொங்குது!"

"பரிசால்காரிக்கு வாய் மட்டும் குறையே இல்ல" என்று என் கிழக்கு வங்காள ஊரை இழுத்துச் சுவரைப் பார்த்துச் சொன்னாள். ஆனால் கையை நீட்டிச் சீட்டுக் கட்டை வாங்கினாள்.

அப்புறம் பாருங்கள்! இரண்டு இயந்திரங்களும் கடகடவென்று சுற்றின. கைப்பிடியைச் சுற்றிச் சுற்றித் தோள்பட்டை எரிந்தது. வகுத்தலில் ஒரு சுற்று மிகுந்தால் மணி அடிக்கும், பின்னால் சுற்ற வேண்டும். என் மணி அடித்தால் அவள் 'ச்சூ' கொட்டுவாள், அவள் மணி அடித்தால் நான் கொட்டுவேன். பசி தெரியவில்லை.

என் விடை 0.638. அவள் தாளைத் திருப்பினாள். 0.638.

மூன்று ஐம்பதுக்குச் சோமேஷ் பாபு அறைக்குள் பாய்ந்தோம். உத்தரவு உறைக்குள் போய்க்கொண்டிருந்தது.

"பாபு, நிறுத்துங்க! ஒரே ஆளு, ஒரே நாள்ல, ஒரே வயல்ல ரெண்டு தடவை அறுத்தாலே அறுபத்துநாலுதான் வருது. நெல்லு அப்படித்தான் விளையுது. வேற வேற நாள்ல போன ரெண்டு பேருக்கு அறுபத்தொண்ணு வந்தா அதுதான் சரி. ஐந்தாம் மண்டலம் காப்பி!"

"வாய்க்கு வந்தபடி பேசாதம்மா! நீங்க ரெண்டு பேரும் மாசாமாசம் கடைசி இலக்கம் வரைக்கும் ஒத்துப்போறீங்களே, அது காப்பியா?"

"கணக்கு ஒத்துப்போகும், நெல்லு ஒத்துப்போகாது."

"காப்பின்னு நீ எப்படி அடிச்சுச் சொல்ற?"

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். ஐந்து நிமிஷம் இருந்தது. வேறு வழியில்லை, சொல்லிவிட்டேன்.

"காப்பி அடிச்சவளுக்குத்தான் காப்பி தெரியும். மார்ச்சுல பல்சக்கரம் ஒண்ணும் வழுக்கல. நான்தான் பிமலா தாளைப் பாத்து எழுதினேன்."

பின்னாலிருந்து பிமலா, "தெரியும்" என்றாள்.

"என்னது?"

"நீ எட்டிப் பாக்குறது ஜனவரியிலேயே தெரியும். அதான் வேணும்னே ஒண்ணு புள்ளி பூஜ்யம் நாலுன்னு எழுதி, கையெழுத்தும் போட்டு, உன் கண்ணுல படுற மாதிரி வெச்சேன். பாத்ததும் நீ பதறுவேன்னு நெனச்சேன். நீ ஒண்ணைத் தாண்டின எண்ணையும் அப்படியே எழுதிக்கிட்டியே, மகராசி! நிஜ விடையை எழுதறதுக்குள்ள பியூன் ரெண்டு தாளையும் அள்ளிக்கிட்டுப் போயிட்டான். என் சம்பள உயர்வும் போச்சு."

எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. சோமேஷ் பாபு எங்களை மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஐந்தாம் மண்டலச் சீட்டுக் கட்டைக் கொண்டுவரச் சொன்னார்.

முதல் வயல். ஒருவர் சீட்டில் முதல் வட்டம் நாற்பத்தோரு அவுன்ஸ், இரண்டாம் வட்டம் இருபத்தெட்டு. இன்னொருவர் சீட்டில் நாற்பத்தொன்று, இருபத்தெட்டு. இரண்டாம் வயல்: ஒருவருக்கு முப்பத்துமூன்று, நாற்பத்தாறு; மற்றவருக்கு முப்பத்துமூன்று, நாற்பத்தைந்து. ஒருவனுடைய இரண்டு வட்டமும் தங்களுக்குள் ஒத்துப்போகவில்லை; அடுத்தவன் வட்டத்தோடு மட்டும் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றன.

"அடப் பாவிகளா! அங்கங்க ஒண்ணை மட்டும் மாத்தியிருக்கானுங்க" என்றார் சோமேஷ் பாபு. உறையைப் பிரித்து உத்தரவை நாலாகக் கிழித்தார். தபால்காரர் வெறுங்கையோடு போனார்.

நிபாரணிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். வேலை போகவில்லை என்று அவருக்கு விளங்கவே இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

"அறுபத்தொண்ணு நல்ல மார்க்கா தீதி?"

"ரொம்ப நல்ல மார்க்கு."

"பள்ளிக்கூடத்துல முப்பதைத் தாண்டினதில்ல நான்" என்று சொல்லி அந்த மனிதர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

என்னைச் சும்மா விட்டுவிடுவார்களா? ஒரு வருஷத்துக்கு என் கையெழுத்துச் செல்லாது, பிமலாவுக்குக் கீழே பயிற்சிக்காரி என்று உத்தரவு வந்தது. அவளுடைய சம்பள உயர்வைத் திருப்பிக் கொடுத்தார்கள். எங்கள் மேசைகளுக்கு நடுவே ஆளுயரத்துக்கு மூங்கில் தட்டி வைத்தார்கள். வைத்த அன்று ரோஷத்தில் மதியச் சாப்பாட்டைக்கூட நான் தொடவில்லை. மூன்று தடவை தப்பு வந்து, மூன்று தடவையும் அழித்துவிட்டு, கைப்பிடியை ஓங்கிச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

தட்டிக்கு மேலே ஒரு கை வந்தது. அதில் ஒரு பொரிப் பொட்டலம்.

"தின்னுட்டுக் கணக்கைப் போடு, சாரு. ஒண்ணைத் தாண்டினா மட்டும் கூப்பிடு."

ஒன்பது மாதத்துக்கு அப்புறம் அன்றுதான் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள்.