எந்த லாவெல்?

ஐரிஷ் தர்ம சங்கத்தின் உதவித்தொகை கிடைத்தால்தான் மேவ் லாவெல் நர்ஸ் படிப்பில் சேர முடியும். கூரை வேலை செய்த அப்பா இடுப்பொடிந்து கிடந்தார். நேர்காணலில் அவள் மதிப்பெண்ணை யாரும் கேட்கவில்லை.

"எந்த லாவெல்மா நீ?" என்றார் தலைவர் ஹான்ராட்டி. "பெரிய ஸ்ட்ரைக்ல சுரங்கத்துக்குள்ள இறங்கினானே, அந்தக் கருங்காலி குடும்பமா?"

ஸ்ட்ரைக் முடிந்து நூறு வருடத்துக்கு மேலாகிறது. நிலக்கரிச் சுரங்க ஊரான ஸ்க்ரான்டனில் அது நேற்று நடந்ததுதான். வேறு லாவெல் என்று சொல்லியிருக்கலாம். ஊரில் லாவெல்களுக்குப் பஞ்சமில்லை.

"ஆமாங்க. கொள்ளுத்தாத்தாவோட அப்பா. ஆறு பிள்ளைங்க பட்டினி. நாலாம் மாசம் இறங்கிட்டார்."

செயலாளர் டியர்னி பேனாவை மூடினார். "எங்க வீட்லயும் பட்டினிதான். நாங்க இறங்கலயே."

"எங்க வீட்ல ஆறும் பொழச்சுதுங்க. அதுல ஒண்ணோட வம்சம் நான்."

ஹான்ராட்டி தாடையைச் சொறிந்தார். "இதுவரை வந்த பதினோரு பேரும் தன் தாத்தன்தான் ஸ்ட்ரைக்கை நடத்தினான்னாங்க. அப்ப இறங்கினது யாருன்னு எனக்கே குழப்பமா இருந்துச்சு."

உதவித்தொகை அவளுக்கே என்று முடிவானது. சங்கம் வருடாவருடம் மார்ச்சில் வைக்கும் விருந்தில் அதைப் பெறுபவர் தலைவரோடு முன்மேசையில் உட்காருவது வழக்கம்.

"உனக்குச் சமையலறைப் பக்கம் மேசை போடறோம்," என்றார் டியர்னி. "காசோலை அங்க வந்துரும்."

"நல்லதுங்க," என்றாள் மேவ். "சாப்பாடு சூடா கிடைக்கும்."