நூற்றுப்பன்னிரண்டாம் பக்கம்

அன்று வாசகசாலையில் இருந்தவர்கள் ஆறு பேர். தலைவர் வால்டர், ஓய்வுபெற்ற ரயில்வே கார்டு. மாடியை எங்களுக்கு விட்டுக்கொடுத்திருக்கும் பைண்டிங் கடைக்காரர் மதார் சாகிப். நூலாசிரியர் பரசுராமன், பேசின் பிரிட்ஜ் கூட்ஸ் ஷெட்டில் குமாஸ்தா. அவர் அழைத்து வந்த குணசுந்தரி, குப்பத்தில் மீன் விற்பவர். என் தங்கை ஃப்ளோரன்ஸ். ஆறாவது நான், இக்னேஷியஸ். வேறு ஒருவரும் இல்லை. நேரில் பார்த்ததாகச் சொல்லிக்கொள்பவர்கள் ராயபுரத்தில் பெருகிவிட்டதால் இதை முதலில் எழுதுகிறேன்.

1954 பிப்ரவரி, முதல் ஞாயிறு, தேவாலயத்தில் பூசை முடிந்த பிறகு. மாதம் ஒரு நூலைப் படித்து மதிப்புரை சொல்வது என் பொறுப்பு. சரித்திரம், பயணம், மக்களின் பழக்கவழக்கம், இவை பற்றிய நூல்கள் மட்டும்தான். நாவல் கிடையாது. பென்சிலோடு படிப்பேன். பிழை கண்ட இடத்தில் ஓரத்தில் ‘தவறு’ என்று எழுதுவேன். பதினோரு வருடத்தில் இருபது ‘தவறு’க்குக் குறைவாக வாங்கிய நூல் கிடையாது. பரசுராமனின் நூல் வாங்கியது மூன்று.

அதை வெளிப்படையாகவே சொன்னேன். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடலோரமாக ஒன்பது முறை நடந்து எழுதியிருக்கிறார். திருவொற்றியூர் கோயில் கல்வெட்டைப் பற்றி எழுதும்போது அதன்மேல் வேட்டி காயப்போட்டிருந்ததையும் விடவில்லை. எண்ணூர்க் கழியில் ஓடக்காரன் காற்றைப் பார்த்து ஓடத்தை எந்தப் பக்கம் திருப்புவான் என்று அவர் எழுதியதைப் படித்தபோது என் கால் நனைந்தது போல இருந்தது. உப்பளத்தில் வேலை செய்பவர்களின் பாதங்களைப் பற்றி இரண்டே வரி. அவ்வளவு போதும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. நம் கரையை இத்தனை மரியாதையோடு எழுதிய ஒருவரை நான் படித்ததில்லை என்றேன்.

“யோவ், நீயா பேசறே?” என்றார் வால்டர். “பரசுராமன், இதைத் தேதி போட்டு எழுதி வச்சுக்கோ.”

பிறகு தவறுகளுக்கு வந்தேன். ஒன்று, வரைபடத்தில் எர்ணாவூர் மீஞ்சூருக்கு வடக்கே போயிருக்கிறது. இரண்டு, ஒரு ரயில் பாதையின் வருடம். மூன்று, நூற்றுப்பன்னிரண்டாம் பக்கம்.

அந்தப் பக்கத்தில் இருந்தவர் என் தகப்பனார். துறைமுகச் சுவர் கட்டி முடியாத காலத்தில், புயலில் நங்கூரம் இழுபட்டுத் தவித்த கப்பலுக்கு, ஓலைத் தொப்பிக்குள் கடிதத்தை வைத்துக்கொண்டு கட்டுமரத்தில் போய் வந்தார். வெள்ளி மெடல் கொடுத்தார்கள். அவர் தனியாகப் போனார் என்பதுதான் எங்கள் வீட்டுச் சரித்திரம். என் பிள்ளைகளுக்குப் பெண் பார்க்கப் போன வீடுகளில் எல்லாம் அதைச் சொல்லியிருக்கிறேன். பரசுராமனோ, கட்டுமரத்தில் இருவர் இருந்ததாகவும் பின்னால் நின்றவர் அப்பாவு என்பவர் என்றும் எழுதியிருந்தார்.

மெடலை எடுத்து மேஜைமேல் வைத்தேன். “இதில் எத்தனை பெயர் இருக்கிறது, படியுங்கள்.”

மதார் சாகிப் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். “ஒண்ணுதான்” என்றார்.

பரசுராமன் குணசுந்தரியைக் காட்டினார். “ஐயா, எனக்குச் சொன்னவங்க இவங்கதான். அப்பாவு இவங்க தகப்பனார். அடுத்த பதிப்பில் எடுக்கணும்னா எடுத்துடறேன்.”

“எதுக்கு எடுக்கணும்?” என்றார் குணசுந்தரி. கூடையை வாசலில் வைத்துவிட்டு வந்திருந்தார். “இன்னா அண்ணாத்தே, அந்த அலையில ஒத்தை ஆளு மரம் தள்ள முடியுமா? நீயே சொல்லு.”

“உன் நைனாவும் போயிருந்தால், துரை மெடல் கொடுக்கும்போது அவர் எங்கே?” என்றேன்.

“அங்கதான் கீறாரு. கயிறு அவுத்துகினு கீறாரு.”

குணசுந்தரி பரசுராமனைப் பார்த்துச் சொன்னார்: “கரை ஏறினா பின்னால நின்னவன்தானே கயிறு அவுத்து, கட்டையைப் பிரிச்சு, மணல்ல காயப்போடணும்? அது முடியாம தலை நிமிரக் கூடாது. முன்னால நின்னவன் கை சும்மா கீது. தொர வந்தாரு, சும்மா நின்ன ஆளு கையில குடுத்துட்டுப் போய்க்கினே இருந்தாரு.”

“அப்போ உங்க நைனா ஒண்ணும் கேக்கலையா?” என்றார் வால்டர்.

“கேட்டாரே. அந்த மெடலைத் தூண்டில்ல கட்டி விட்டா மீன் மாட்டுமான்னு கேட்டாரு.”

மதார் சாகிப் சிரித்துவிட்டு, என்னைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

குணசுந்தரி சொன்னது நான் அறிந்த முறைதான். துறைமுக ஆபீஸில் குமாஸ்தா வேலைக்குப் போகுமுன் இரண்டு வருடம் தகப்பனாரின் கட்டுமரத்தில் பின்னால் நின்றவன் நான். ஒரு நாள் உறவினர் வீட்டு நிச்சயதார்த்தத்துக்கு நேரமாகிறது என்று கயிற்றை அவிழ்க்காமல் கிளம்பினேன். குப்பமே பார்க்க அறைந்தார். “பின்னால நின்னவன் வேலை முடியாம எவனும் கரையை விட்டுப் போவக்கூடாது” என்றார். அவருக்கு அப்படிக் கோபம் வந்து அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

“அண்ணே” என்றாள் ஃப்ளோரன்ஸ். “கிறிஸ்துமஸுக்கு அப்பா முதல் தட்டுப் பலகாரம் யார் வீட்டுக்கு அனுப்புவார்?”

எனக்குத் தெரியும். அப்பாவு வீட்டுக்கு. நாங்கள் சாப்பிட உட்காருமுன் அது போயாக வேண்டும். ஏன் என்று ஒருமுறை கேட்டேன். பழக்கம் என்றார். நானும் அவர் போன பிறகு இரண்டு வருடம் அனுப்பிவிட்டு நிறுத்திவிட்டேன்.

எழுந்து நின்றேன். மதிப்புரையை நின்றுகொண்டு முடிப்பதுதான் என் வழக்கம்.

“தவறு மூன்று என்று சொன்னேன். இரண்டு. நூற்றுப்பன்னிரண்டாம் பக்கம் அப்படியே இருக்கட்டும். எங்கள் வீட்டில் எழுபது வருடமாகத் தெரிந்திருக்க வேண்டியதை ஒரு கூட்ஸ் ஷெட் குமாஸ்தா நடந்து வந்து கண்டுபிடித்திருக்கிறார். இந்த வாசகசாலையில் உள்ள நூல்களில் இதுவே சிறந்தது என்பது என் முடிவு.”

“மெடலைப் பாக்கறியாம்மா?” என்று குணசுந்தரியிடம் மதார் சாகிப் நீட்டினார். அவர் கையில் வாங்கிப் பார்த்தார். முந்தானையால் ஒருமுறை துடைத்தார். என் எதிரில் வைத்தார்.

“உங்க நைனாவும் கூடப் போனவருதானே. உன்கிட்டயே இருக்கட்டும். தட்டு மட்டும் அனுப்பு, அண்ணாத்தே” என்று சொல்லிவிட்டுக் கூடையை எடுக்கப் போனார்.

அந்த வருடம் கிறிஸ்துமஸுக்கு முதல் தட்டு போயிற்று. நானே எடுத்துப் போனேன்.

நான் கோபத்தில் அந்தப் பக்கத்தைக் கிழித்துக் கடலில் போட்டுவிட்டேன் என்று மீன் மார்க்கெட்டில் பேசிக்கொள்கிறார்கள். கிழிக்கவில்லை. நூல் வாசகசாலை அலமாரியில் இருக்கிறது. அந்தப் பக்கத்தின் ஓரத்தில் இருந்த ‘தவறு’ மட்டும் ரப்பரால் அழிக்கப்பட்டிருக்கிறது.