இசுமோவுக்கு எழுதிய ஜாதகம்

ஜப்பானின் தெய்வங்கள் எல்லாம் வருடத்துக்கு ஒருமுறை வந்து தங்கும் வாரத்தில் இசுமோவில் யாரும் பாடுவதில்லை, ஆணி அடிப்பதில்லை. கதவைக்கூட ஓசைப்படாமல்தான் சாத்துவார்கள். அந்த வாரத்தில் போய்ப் பொதுமண்டபத்தில் ஒலிபெருக்கி கட்டி ஜோதிடச் சொற்பொழிவு நடத்த, சுற்றுலாச் சங்கத்துக்கு எப்படித்தான் மனசு வந்ததோ என்று தோமோயே பொருமிக்கொண்டிருந்தாள். போகாமல் இருக்கவும் வழியில்லை. தோக்கியோவிலிருந்து வந்திருந்த ஜோதிடர் ஜின்னாய் தங்கியிருந்தது அவளுடைய விடுதியில்தான். கணவன் ஷூகிச்சி வேறு சங்க உறுப்பினர். ஆறு மாதப் பிள்ளைத்தாய்ச்சியாக வந்திருந்த மகள் மிசுஹோவும், "வாம்மா, பொழுது போகும்" என்று கையைப் பிடித்து இழுத்தாள்.

ஜின்னாய்க்கு இதமான குரல். ஒவ்வொரு ஊருக்கும் ஒரு ராசி உண்டு, இசுமோவுக்கு மீன ராசி என்றார். வானத்துத் தெய்வங்கள் வந்து நாட்டைக் கேட்டபோது இந்த மண்ணின் பெரிய தெய்வம் மறுபேச்சில்லாமல் கொடுத்துவிட்டுக் கோயிலுக்குள் போய் அமர்ந்துகொண்டதாம். அதனால் இங்கே பிறந்தவர்கள் விட்டுக்கொடுப்பவர்களாம், அடங்கிப் போகிறவர்களாம், கோபமே வராதவர்களாம். வாசலில் கொடுத்த வண்ணத் துண்டுப்பிரசுரத்திலும் அதுவே அச்சாகியிருந்தது. கூட்டம் கைதட்டியது.

தோமோயே எழுந்துவிட்டாள்.

"ஐயா, ஒரு சந்தேகம். கேட்டாங்க, கொடுத்தாருன்னு சொல்றீங்க. இதோ இந்தக் கடற்கரையிலதான் வாளைத் தலைகீழா நட்டு, அந்த முனை மேல உக்காந்துக்கிட்டுக் கேட்டாங்க. முடியாதுன்னு எதுத்து நின்ன மகனோட கைய நசுக்கித் தூக்கி வீசுனாங்க. அதுக்கப்புறம் அப்பன் சரின்னு சொன்னா, அது அவரோட சுபாவமா?"

ஜின்னாய் சிரித்தார். "நல்ல கேள்விம்மா. நீங்க எந்த வருஷம் பொறந்தீங்க?"

"ஷோவா நாப்பத்தொண்ணு." ஆங்கிலக் கணக்கில் 1966.

"ஓ, தீக்குதிரை. அதான்."

அவ்வளவுதான், கூட்டம் கொல்லென்று சிரித்தது. அறுபது வருடத்துக்கு ஒருமுறை வரும் அந்த வருடத்தில் பிறந்த பெண் புருஷனை முழுங்கிவிடுவாள் என்பது அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சங்கத் தலைவர் எனோக்கி முன்வரிசையிலிருந்து திரும்பி, "நம்ம ஷூகிச்சி இன்னும் மூச்சு விடுறானே, அதுவே பெரிய விஷயம்" என்றார். சிரிப்பு இரண்டு மடங்கானது. தோமோயேயின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஷூகிச்சியும் சிரித்தான்.

அவளுக்கு அது புதிதல்ல. பெண் பார்த்துவிட்டுப் போன இரண்டு வீட்டார், பிறந்த வருடம் தெரிந்ததும் வாயைத் திறக்கவில்லை. ஷூகிச்சி மூன்றாவது பிள்ளை, போனால் போகட்டும் என்று அவன் வீட்டில் ஒத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு அவன் தும்மினால்கூடத் தெருவே அவள் முகத்தைத்தான் பார்த்தது.

ஜின்னாய் கையமர்த்தினார். "அடுத்த வருஷம் மறுபடியும் தீக்குதிரை வருது. இப்ப கர்ப்பமா இருக்கிறவங்க யாரும் பயப்பட வேண்டாம். பொண்ணு பொறந்தாலும் பரிகாரம் இருக்கு."

மிசுஹோவின் கை வயிற்றின் மேல் போனது. தோமோயே அதைப் பார்த்தாள். நேரே மேடையோரம் போய் ஒலிபெருக்கியின் வயரைப் பிடுங்கினாள்.

"பொறக்காத புள்ளைக்கு என்னய்யா பரிகாரம்? அது யாருக்கு என்ன செஞ்சுது?" என்றாள். தெய்வங்கள் தங்கியிருக்கும் வாரம் என்பதே அவளுக்கு நினைவில்லை. குரல் கடற்கரை வரை கேட்டிருக்கும். மகளைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு வெளியேறினாள்.

சாயங்காலம் அந்த மனிதருக்குச் சோறு போட வேண்டியிருந்தது. விடுதி அவளுடையது. வந்தவரைப் பட்டினி போட அவளால் முடியாது. வேகவைத்த நண்டைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, போகாமல் எதிரே உட்கார்ந்தாள். அவர் நண்டுக் காலோடு மல்லாடிக்கொண்டிருந்தார்.

"மனசுல வச்சுக்காதீங்கம்மா. அடங்கிப் போறவங்கன்னு எழுதச் சொன்னதே உங்க தலைவர்தான். நகரத்துக்காரங்க அந்த மாதிரி ஊருக்குத்தான் வருவாங்களாம். அதுக்கு ஏத்த ராசியா ஒண்ணைப் போட்டேன்."

"அப்ப கணக்குப் போட்டே பாக்கலியா?"

"ஊரு பொறந்த நேரம் யாருக்குத் தெரியும்?"

"என் மக வயித்துல இருக்கறதுக்கும் இப்படித்தான் பாத்தீங்களா?"

"அது வேற. நான் சும்மா ஒரு பேச்சுக்கு..."

"சும்மா ஒரு பேச்சுக்கு" என்று அவள் திருப்பிச் சொன்னாள். அவர் மறுபடியும் நண்டுக் காலை எடுத்தார். நண்டை உடைத்துத் தர அவள் கை நீட்டவில்லை.

காலையில் எனோக்கியின் கடைக்குப் போனாள். பழைய வகுப்புத் தோழர், அதே வருடத்தில் பிறந்தவர். ஆணுக்கு மட்டும் அந்த வருடம் ஒன்றும் செய்வதில்லை.

"கோபமே வராதவங்கன்னு எங்களைக் கேட்டா எழுதுன?"

"ஊருக்கு ஆள் வரணும் தோமோயே. உன் விடுதிக்கும் சேத்துத்தான். அச்சடிச்சாச்சு, இனி என்ன பண்ணச் சொல்ற?"

"இனி என் விடுதிக்கு உன் சங்கத்துப் பேரு வேண்டாம். எடுத்துரு."

எனோக்கி சிரித்தார். "ஷூகிச்சியக் கேட்டியா? இதைக் கேட்டா பாவம் அவன் இப்பவே..."

"எனோக்கி." வாசலிலிருந்து வந்தது ஷூகிச்சியின் குரல். எப்போது பின்னால் வந்தான் என்று தெரியவில்லை. "அந்தச் சிரிப்ப இதோட விட்டுடு. முப்பத்தஞ்சு வருஷமா நானும் சேந்து சிரிச்சுட்டேன். இனி முடியாது."

எனோக்கி கடைப் பலகையைத் துடைக்கத் தொடங்கினார்.

திரும்பும் வழியில் ஷூகிச்சி இரண்டு முறை பேச்செடுத்தான். அவள் நடையை எட்டிப் போட்டாள். முப்பத்தைந்து வருடத்தை ஒரு காலையில் கழித்துவிட முடியுமா என்ன? ரயில் நிலையத்தில் அந்தத் துண்டுப்பிரசுரம் அடுக்கடுக்காக இருந்தது. இறங்கிய பயணிகள் எடுத்துப் படித்துக்கொண்டே, அடங்கிப் போகும் மனிதர்களைத் தேடி ஊருக்குள் நடந்தார்கள். ஒரு இளம் ஜோடி அவளிடமே வழி கேட்டது. கோயிலுக்கு எந்தப் பக்கம் என்று கையைக் காட்டினாள். முகத்தை மட்டும் அவளால் இதமாக வைத்துக்கொள்ள முடியவில்லை.