இடது பக்க இருக்கை

சனிக்கிழமை சாயங்காலம் இளவேனில் தன் அம்மாவிடம் ஒரு சின்னப் பொய் சொன்னாள். யோசித்துச் சொன்னதில்லை. பேச்சை முடித்தால் போதும் என்றிருந்தது, வாயில் வந்துவிட்டது.

"காட்டு வழியில ஜீப்பு ஓட்டப் போறியா? தனியாவா?" என்று திருப்பத்தூரிலிருந்து அம்மா சரசு போனில் கேட்டாள்.

"தனியா இல்லம்மா. ஆபீஸ்ல பரத்னு ஒருத்தர். அவரும் கூட வர்றார்."

"யாரு அது? எந்த ஊரு?"

"நம்ம பக்கம்தான். நல்லவர். வெச்சிடறேன்மா."

அவள் அலுவலகத்தில் பரத் என்று யாரும் கிடையாது. எலெக்ட்ரானிக் சிட்டியில் அவள் வேலை பார்க்கும் தளத்தில் நூற்றுப் பத்துப் பேர் இருந்தார்கள். அந்தப் பெயரில் ஒருவர்கூட இல்லை.

முப்பத்தொரு வயதில் அவள் தனக்கென்று வாங்கிய முதல் பெரிய பொருள் அந்தப் பழைய ஜிப்சி ஜீப். வாங்கி ஆறு மாதம் ஆகியும் அதைத் தனியாக ஓட்டிய நாள் ஒன்றுகூட இல்லை. அக்கா வீட்டுக்காரரோ, அறைத்தோழியோ, அலுவலகத்துக்காரர் யாரோ ஒருவரோ இடது பக்கம் உட்கார்ந்துகொண்டு "பிரேக், பிரேக்" என்று காலால் தரையை மிதித்துக்கொண்டே வருவார்கள். காட்டு வழியில் வண்டி ஓட்டும் ஆஃப்ரோடு கிளப் ஒன்று, உறுப்பினர் இல்லாதவர்களும் வண்டியோடு வரலாம் என்று அறிவித்ததும் முதல் ஆளாகப் பேர் கொடுத்தாள். ஒரு நாளாவது பக்கத்தில் யாரும் இல்லாமல் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஆனேக்கல் தாண்டிய தைலமரத் தோப்பில் போய்ச் சேர்ந்தாள். மார்கழிப் பனி இன்னும் விலகவில்லை. மரங்களின் அடிப்பாகம் மட்டும்தான் தெரிந்தது. பதிமூன்று வண்டிகள் வரிசையாக நின்றன. மேசை போட்டு உட்கார்ந்திருந்த ரக்ஷிதா என்ற பெண் பெயரைச் சரிபார்த்து, இளவேனிலின் மணிக்கட்டில் ஒரு மஞ்சள் பட்டையை ஒட்டினாள். இன்னொரு பட்டையையும் கிழித்தாள்.

"வண்டியில இருக்காரே, அவரை வரச் சொல்லுங்க. அவரும் சைன் பண்ணணும்."

"நான் மட்டும்தான் வந்திருக்கேன்."

ரக்ஷிதா அவள் தோளுக்கு மேலாக ஜிப்சியைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். "சாரி, கண்ணாடியில பனி," என்று சிரித்து, பட்டையைக் கசக்கிப் போட்டாள்.

கிளப்பின் தலைவர் நாகேஷ் எல்லோரையும் கூட்டி விதிகளைச் சொன்னார். கன்னடத்தில் ஒரு தடவை, இங்கிலீஷில் ஒரு தடவை, தமிழ் ஆட்களைப் பார்த்துத் தமிழில் ஒரு தடவை. தோப்புக்குள் ஏழு கிலோமீட்டர் மண்பாதை, பிறகு கைவிடப்பட்ட கல்குவாரி, அதே வழியில் திரும்ப வேண்டும். குவாரிக் குழியில் தண்ணீர் ஆழம், கிட்டே போகக் கூடாது. கையில் பட்டை கட்டியவர்கள் இருபத்தொன்பது பேர். உள்ளே போகும் எண்ணிக்கைதான் வெளியே வரவும் வேண்டும்.

இளவேனில் பன்னிரண்டாவது வண்டி. அவளுக்குப் பின்னால் கடைசி வண்டியில் முனிகிருஷ்ணன் வந்தார். ஸ்ரீராம்புரத்தில் மெக்கானிக். ஐம்பது வயதிருக்கும். கிளப் தொடங்கிய நாளிலிருந்து கடைசி வண்டி அவருடையதுதான். கஷ்டமான இடங்களில் இறங்கி வந்து, முன்னால் நின்று, கைகாட்டி வழி சொல்வார்.

முதல் மேட்டில் மழைநீர் அறுத்துப்போட்ட பள்ளங்கள். முனிகிருஷ்ணன் எதிரே நின்று, "லெஃப்ட்டு ஒடிங்க மேடம்… அப்படியே வாங்க… விடாதீங்க," என்று கூப்பிட்டார். சக்கரம் ஒருமுறை வழுக்கியது, பிறகு மண்ணைப் பற்றிக்கொண்டது. அந்த நேரத்தில் அவர், "சார், பெல்ட்டு போட்டுக்கங்க," என்றும் சொன்னது அவள் காதில் விழுந்தது. வேறு யாருக்கோ சொல்கிறார் என்று நினைத்தாள். மேடேறிய சந்தோஷத்தில் அதற்கு மேல் யோசிக்கவில்லை. உரக்கச் சிரித்தாள். பக்கத்தில் யாரும் "பிரேக்" என்று சொல்லவில்லை.

ஒன்பது மணிக்குக் குவாரி வந்தது. மலையைப் பாதியாக வெட்டி எடுத்தது போல மூன்று பக்கமும் கல்சுவர், நடுவே கரும்பச்சைத் தண்ணீர். பறவைச் சத்தம்கூட இல்லை. வண்டிகளை நிறுத்திவிட்டு எல்லோரும் கயிறு கட்டிய எல்லைவரை நடந்து போய்ப் பார்த்தார்கள். இளவேனிலும் போனாள். செல்போனை வண்டியிலேயே விட்டிருந்தாள்.

திரும்பி வரும்போது முனிகிருஷ்ணன் இட்லிப் பொட்டலம் கொடுத்துக்கொண்டிருந்தார். அவளிடம் ஒன்றைத் தந்தார்.

"சாருக்கும் நீட்டினேன் மேடம். பசிக்கலன்ட்டார்."

"எந்த சாருக்கு?"

"உங்க வண்டியில வந்தவருக்குத்தான். இப்பத்தான் பேசிட்டு வர்றேன். பேரு கேட்டேன், பரத்துன்னார்."

பொட்டலம் அவள் கையிலிருந்து விழுந்தது. குனிந்து எடுக்கத் தோன்றவில்லை. அந்தப் பெயரை அவள் ஒரே ஓர் ஆளிடம்தான் சொல்லியிருந்தாள்.

"அண்ணா, நான் தனியாத்தான் வந்தேன்," என்றாள். "என் கூட யாரும் வரல."

முனிகிருஷ்ணன் சிரிக்கப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. நாகேஷைத் தேடிப் போனார்.

நாகேஷ் கைப்பேசியில் எண்ணிக்கையைக் குறித்து வைத்திருந்தார். குவாரிக்கு வந்து சேர்ந்தபோது ஒவ்வொரு வண்டியாகத் தலையை எண்ணியிருக்கிறார்கள். முப்பது. இப்போது எல்லோரையும் வரிசையில் நிறுத்தி எண்ணினார். இருபத்தொன்பது.

"யாரும் வண்டியை எடுக்க வேணாம்," என்றார். தண்ணீரைத் திரும்பிப் பார்த்தார்.

அதற்குப் பிறகு ஒன்றரை மணி நேரம் தேடினார்கள். பத்துப் பன்னிரண்டு பேர் புதருக்குள் இறங்கி, "பரத்! பரத் சார்!" என்று கூப்பிட்டார்கள். கல்சுவர் அந்தப் பெயரைத் திருப்பித் திருப்பிச் சொன்னது. தான் விளையாட்டாகச் சொன்ன ஒரு பெயரை முன்பின் தெரியாதவர்கள் இவ்வளவு கவலையோடு கூப்பிடுவதைக் கேட்டுக்கொண்டு இளவேனில் ஒரு பாறைமேல் உட்கார்ந்திருந்தாள்.

நாகேஷ் அவள் அருகில் வந்து குரலைத் தாழ்த்தினார். "நோடி மேடம், இங்க பாருங்க, வீட்ல ஏதாவது சண்டைன்னா சொல்லிடுங்க. நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். ஆளு எங்கன்னு தெரிஞ்சா போதும்."

"சார், அப்படி ஒரு ஆளே இல்ல."

"மூணு பேர் பாத்திருக்காங்களே!"

மூன்று பேரையும் கூப்பிட்டுக் கேட்டார். ரக்ஷிதா, முனிகிருஷ்ணன், அவளுக்கு முன்வண்டி ஓட்டிய விக்கி. மூவரும் ஒன்றையே சொன்னார்கள். வெளிர்நீல முழுக்கைச் சட்டை, கை மடித்துவிட்டது. நேராக, அசையாமல் உட்கார்ந்திருந்தார். முகம் எப்படி என்று கேட்டதும் மூவருமே நிறுத்திக்கொண்டார்கள்.

"முகம்…" என்றாள் ரக்ஷிதா. "பாத்தேன். ஆனா சொல்ல வரல."

முனிகிருஷ்ணன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "நான் அவ்வளவு நேரம் பேசினேன் சார். இவ்வளவு கிட்ட நின்னு. முகம் ஞாபகத்துக்கே வரல."

ஜிப்சி நின்ற இடத்தில் ஈர மண். இடது கதவின் அடியிலிருந்து செருப்புத் தடம் ஒன்று கிளம்பித் தண்ணீர் விளிம்புவரை போயிருந்தது. விக்கி அதைக் கண்டுபிடித்துக் கத்தியதும் எல்லோரும் ஓடினார்கள். நாகேஷ் போலீசுக்குப் போன் போடப் போனார். ஆனால் முனிகிருஷ்ணன் குனிந்தபடியே இன்னும் கொஞ்சம் நடந்தார். தடம் விளிம்பில் முடியவில்லை. அங்கே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே அவரும் வந்த வழியே திரும்பி வந்தார். தடம் ஜிப்சியின் இடது கதவில் வந்து நின்றது.

அவர் நிமிர்ந்து உள்ளே பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள்.

இருக்கை காலியாக இருந்தது. ஆனால் அதன் குறுக்கே சீட் பெல்ட் இழுத்து மாட்டியிருந்தது.

"நான்தான் போடச் சொன்னேன்," என்றார் முனிகிருஷ்ணன்.

டேஷ்போர்டில் இருந்த செல்போனை இளவேனில் கை நீட்டி எடுத்தாள். அம்மாவிடமிருந்து ஓர் அழைப்பு வந்திருந்தது. ஒன்பது பன்னிரண்டுக்கு. எடுத்து நான்கு நிமிஷம் பேசியதாகக் காட்டியது. அவள் கயிற்றருகே நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது.

சற்றுத் தள்ளிப் போய் அம்மாவுக்குப் போட்டாள்.

"என்னம்மா, சுத்திப் பாத்தாச்சா?" சரசுவின் குரல் நிறைந்திருந்தது. "பரத்து நல்ல பையன்டி. எவ்வளவு மரியாதையாப் பேசறார்! நீ தண்ணிகிட்ட நிக்கறேன்னு சொன்னார். நீங்க கவலப்படாதீங்க, நான் அவங்களைத் தனியா விட மாட்டேன்னார். எப்பவும் கூடவே இருப்பேன்னு சொல்றார்டி. என்ன, ரெண்டு பேரும் பேசி வெச்சிருக்கீங்களா?"

எல்லோரும் தன்னைப் பார்க்கிறார்கள் என்று இளவேனிலுக்குத் தெரிந்தது. வேறு என்ன சொன்னாலும் அது இன்னொரு பொய்யாகிவிடும் என்றும் தெரிந்தது.

"அம்மா, கேளு. நேத்து உன்கிட்ட பொய் சொன்னேன். பரத்னு யாரும் இல்ல. நீ பயப்படுவேன்னு சும்மா ஒரு பேரச் சொன்னேன். நான் தனியாத்தான் வந்தேன்."

"அப்ப யாரும்மா என்கிட்ட பேசினது?"

"தெரியலம்மா. இனிமே என் போன்லேருந்து என் குரல் வரலன்னா வெச்சிடு."

திரும்பி வந்தபோது நாகேஷ் எல்லோரையும் வண்டியில் ஏறச் சொல்லிக்கொண்டிருந்தார். பட்டை இருபத்தொன்பது, தலை இருபத்தொன்பது. கணக்கு சரி, போகலாம் என்றார். அந்த இடத்தில் இன்னொரு நிமிஷம் நிற்க அவருக்கு விருப்பமில்லை என்பது குரலில் தெரிந்தது.

"மேடம், நீங்க என் வண்டியில ஏறுங்க. இதை அப்புறம் ஆள் விட்டு எடுத்துக்கலாம்," என்றார்.

"வேணாம்னா இதை நான் ஓட்டறேன்," என்றார் முனிகிருஷ்ணன். சொல்லிவிட்டு இடது கதவைப் பார்த்தார்.

இளவேனில் இடது பக்கமாகப் போய்க் கதவைத் திறந்தாள். பெல்ட் கொக்கியை அழுத்தி விடுவித்தாள். நிழலில் நின்ற வண்டி, உள்ளே எல்லாம் சில்லென்றிருந்தது. அந்தக் கொக்கி மட்டும் உடம்புச் சூட்டோடு இருந்தது. கதவைச் சாத்திவிட்டுத் தன் இடத்தில் ஏறி உட்கார்ந்தாள்.

"தனியா வந்தேன்," என்று உரக்கச் சொன்னாள். "தனியாத்தான் போகப் போறேன்."

யாருக்குச் சொன்னாள் என்று யாரும் கேட்கவில்லை.

திரும்பும் வழியில் பனி முழுக்க விலகி வெயில் ஏறியிருந்தது. அவள் பாதையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இடது பக்கம் பார்க்கவே கூடாது என்று வைத்துக்கொண்டாள். பள்ளத்தில் வண்டி இறங்கும்போது ஸ்பிரிங் இரண்டு பக்கமும் ஒரே கனத்தில் அழுந்துவதை உணர்ந்தாள். தாடையை இறுக்கிக்கொண்டு ஓட்டினாள். நாலாவது கிலோமீட்டரில், வெள்ளைக்கற்கள் சிதறிக் கிடந்த ஒரு மேட்டை ஏறி இறங்கும் இடத்தில், இடது கதவு திறந்தது. காற்று உள்ளே வந்தது. பிறகு கதவு மெதுவாக, மரியாதையாக, சாத்திக்கொண்டது. வண்டி லேசாகிவிட்டது.

அவள் வேகத்தைக் குறைக்கவில்லை. கண்ணாடியைப் பார்க்கவும் இல்லை. அழுகை வந்தது, எதற்கென்று தெரியவில்லை. அழுதுகொண்டே மூன்று கிலோமீட்டரையும் ஓட்டி முடித்தாள்.

முனிகிருஷ்ணன் அவளை விட்டுவிட்டுப் போக மனமில்லாமல், எலெக்ட்ரானிக் சிட்டிவரை பின்னாலேயே வந்தார். அவள் குடியிருக்கும் அடுக்குமாடியின் வாசலில் இருவரும் வண்டியை நிறுத்தினார்கள். மத்தியானம் ஒரு மணி. பந்து விளையாடும் பிள்ளைகள், தண்ணீர் லாரி, பக்கத்துக் கடையில் எண்ணெய் காயும் வாசனை. எல்லாம் எப்போதும்போல இருந்தது.

அவர் ஜிப்சியைச் சுற்றி வந்து உள்ளே எட்டிப் பார்த்தார். "யாரும் இல்ல மேடம். நிம்மதியாப் போங்க."

"வெள்ளைக்கல் மேட்டுல இறங்கிட்டார்ணா. நீங்க பாத்தீங்களா?"

அவர் சாவிக்கொத்தை விரலில் சுற்றினார்.

"பாத்தேன். பாதை ஓரமா நின்னார். என் வண்டியைப் பாத்து கை காட்டினார்."

"நிறுத்தினீங்களா?"

"இல்ல மேடம். பயந்துட்டேன். ஆக்ஸிலேட்டரை அழுத்திட்டு வந்துட்டேன்." அவர் தலையைக் குனிந்துகொண்டார். "பதிமூணு வருஷமா கடைசி வண்டி ஓட்டறேன். வழியில ஒருத்தரை விட்டுட்டு வந்ததில்ல. எனக்குப் பின்னாடி வேற வண்டி வராதுல்ல? அப்படியே வெயில்ல நிக்கிறார். தொப்பிகூட இல்ல."

"அண்ணா, அது ஆள் இல்ல. நான் சொன்ன ஒரு பேரு. அவ்வளவுதான்."

"சரிங்க மேடம்," என்றார். அவள் சொன்னதைக் கேட்ட மாதிரியே தெரியவில்லை. "வரட்டுங்களா?"

"நேரா வீட்டுக்குப் போங்கண்ணா."

அவர் தலையசைத்துவிட்டு வண்டியில் ஏறினார். பின்னிருக்கையிலிருந்து ஒரு தண்ணீர் பாட்டிலை எடுத்து, பக்கத்து இருக்கையில் வைத்துக்கொள்வதை அவள் பார்த்தாள். ஸ்ரீராம்புரத்துக்குப் போக, மேம்பாலம் ஏறி நகரத்துப் பக்கம் போக வேண்டும். முனிகிருஷ்ணனின் வண்டி முக்கில் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு இண்டிகேட்டர் போட்டு, வந்த வழியே ஆனேக்கல் ரோட்டில் திரும்பியது.

இளவேனில் கையை உயர்த்திக் கூப்பிட்டபடியே ரோட்டுவரை ஓடினாள். அதற்குள் இரண்டு பஸ்கள் குறுக்கே வந்துவிட்டன.