கட்டைமேல் பழி

துப்பாக்கியைக் கித்தான் பைக்குள் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு பக்கிரிசாமி சித்தூர் பஸ் நிலையத்தில் நின்றார். குண்டு ஏற்றும் போல்ட்டைத் தனியே கழற்றித் துணியில் சுற்றிக் கைப்பையில் வைத்திருந்தார். லைசென்ஸ் புத்தகமும், காட்டுப்பன்றி சுடுவதற்கு வனத்துறை கொடுத்த அனுமதிக் கடிதமும் சட்டைப் பையில் இருந்தன. பக்கத்தில் கரும்பு வெட்டும் தனபாக்கியம் இடது காலைக் கொஞ்சம் தள்ளி வைத்து நின்றாள். அந்தக் காலை மடக்க அவளுக்கு இன்னும் வரவில்லை.

திருப்பதி பஸ்ஸில் ஏறும்போது கண்டக்டர் பையின் நீளத்தைப் பார்த்தார்.

"இன்னா பெத்தாயனா, நாதஸ்வரமா? யார் ஊட்ல கல்யாணம்?"

"ஊதினா ஒரே சத்தந்தான் வரும்," என்றாள் தனபாக்கியம். "அப்புறம் பந்தல்ல ஒருத்தரும் இருக்க மாட்டாங்க."

கண்டக்டர் சிரித்துக்கொண்டே டிக்கெட் கிழித்தார். பக்கிரிசாமி சிரிக்கவில்லை.

குடிபாலா பக்கத்தில் கரும்பு வெட்டும் கூட்டம் ஒன்றுக்கு அவர் ஒன்பது வருடமாகக் காவல். கரும்பு வெட்டுகிறவர்கள் காலையில் வயலின் மேற்கு ஓரத்தில் தொடங்குவார்கள். வயல் குறையக் குறைய உள்ளே இருக்கும் பன்றிகள் கிழக்கே நகரும். வெளியே வராது. கடைசியில் ஒரு வீட்டு மனை அளவுக்குக் கரும்பு நிற்கும்போது எல்லாப் பன்றியும் அதற்குள் அடங்கியிருக்கும். அதில் கத்தி வைத்தால் ஒரேயடியாகப் பிய்த்துக்கொண்டு கிழக்கே வரும். கிழக்கே தரிசு, அதற்கப்பால் கரடு. பக்கிரிசாமி வடகிழக்கு மூலையில் நிற்பார். ஆறு மணிக்கு நின்றால் பதினோரு மணிவரை நிற்க வேண்டும். கடைசித் துண்டுக்குக் கிழக்கே ஆள் போகக் கூடாது என்பது ஒன்றுதான் சட்டம்.

போன தை மாதம் எல்லோரும் டீ குடிக்க உட்கார்ந்திருந்தபோது பன்றி வந்தது. துப்பாக்கி அவர் தோளுக்கு வந்துவிட்டது. குறியில் பன்றி இருந்தது. பன்றிக்குப் பின்னால், அதே கோட்டில், தனபாக்கியம் தலையில் கட்டியிருந்த மஞ்சள் துண்டு இருந்தது. கிழக்கு ஓரத்தில் கால்வாயை ஒட்டிய கரும்புக்குத் தோகை பச்சையாக இருக்கும். மற்றவர்கள் எழுந்து வருவதற்குள் மாட்டுக்கு ஒரு கட்டு அறுத்துக்கொள்ள அவள் அந்தப் பக்கம் வந்திருந்தாள். அவருடைய விரல் விசையைப் பாதி அழுத்தியிருந்தது. அதற்கு மேல் அழுத்தவில்லை. பன்றி அவள் தொடையைக் கிழித்துவிட்டுத் தரிசில் இறங்கி ஓடியது.

அவர்தான் முதலில் போனார். தூக்கிக்கொண்டு மூலையைச் சுற்றி மேற்கே வந்தபோது கூட்டம் ஓடிவந்தது. எங்கே இருந்தாய் என்று கேட்டார்கள். வரிசைக் கடைசியில் இருந்தேன், பன்றி திரும்பி வந்துவிட்டது என்று அவள் சொன்னாள். ஏன் சுடவில்லை என்று அவரைக் கேட்டார்கள்.

"துப்பாக்கிக் கட்டை கனம். தூக்கறதுக்குள்ள வந்துடிச்சி," என்றார்.

உன்னைக் குறியில் வைத்திருந்தேன் என்று ரத்தம் வடிகிறவளிடம் எப்படிச் சொல்வது? அன்று வாயில் வந்ததைச் சொன்னார். சொன்னது ஒரு வருடம் நின்றுவிட்டது. அவள் அந்தப் பக்கம் இருந்ததை அவர் காட்டிக்கொடுக்கவில்லை. அவர் பிந்தவில்லை என்பதை அவளிடம் சொல்லவும் இல்லை. அந்தக் கணத்தில் தன்னை நிறுத்தியது நிதானமா, நடுக்கமா என்று அவருக்கே தெரியாது.

இந்த வருடமும் அதே வயல்தான். வெள்ளிக்கிழமை வெட்டு. வரிசையில் நிற்பேன் என்று தனபாக்கியம் சொல்லிவிட்டாள். துப்பாக்கியின் அந்த மரக்கட்டையை மாற்றினால்தான் வயலில் இறங்குவோம் என்று கூட்டம் சொல்லிவிட்டது. எது எவ்வளவு லேசு என்று அடிபட்டவளே பார்த்துச் சொல்லட்டும் என்றார் மேஸ்திரி சண்முகம். அவளுக்கும் திருப்பதியில் டாக்டரைப் பார்க்கும் நாள் இருந்தது.

பஸ் காணிப்பாக்கம் பிரிவைத் தாண்டியது.

"புதுக் கட்ட மெலிசா, லேசா, கறுப்பா இருக்குமாம்," என்றாள். "மழையில ஊறாதாம். யஸ்வந்த் போன்ல படம் காட்டினான்."

யஸ்வந்த் அவள் மகன். ஸ்ரீசிட்டியில் வேலை. ஒரு வருடமாகப் பக்கிரிசாமியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

"அவன் என்கூட பேசறதில்லையே."

"கட்டய மாத்து, பேசுவான்."

திருப்பதியில் வெங்கடரமணனின் துப்பாக்கிக் கடை ஒரு சந்துக்குள் இருந்தது. இரும்புக் கம்பிக் கதவு, உள்ளே நீள மேசை. அவர் லைசென்ஸைப் பார்த்துப் பதிவேட்டில் எண் எழுதிக்கொண்டார். துப்பாக்கியை வாங்கி இரண்டு திருகாணிகளைக் கழற்றினார். குழலும் இரும்பும் தனியே வந்தன. தோளில் பதியும் அடிப்பாகம் முதல் இடது கை பிடிக்கும் முன்பாகம் வரை ஒரே நீள மரம், அது தனியே வந்தது. அதை மேசைமேல் இருந்த தராசில் வைத்தார்.

"ஒரு கிலோ நூத்தி அறுவது."

அலமாரியிலிருந்து இரண்டு கறுப்புக் கட்டைகளை எடுத்து வைத்தார். ஒன்று தடிமன். இன்னொன்று பிடியிலும் முன்பாகத்திலும் ஒடுங்கி, சொரசொரப்பாக, அடியில் ரப்பர் பட்டையோடு இருந்தது. மெலிந்ததைத் தராசில் வைத்தார். அறுநூற்று நாற்பது.

"பாதிதான்," என்றாள் தனபாக்கியம். அதைக் கையில் எடுத்துப் பார்த்தாள். "முறம் மாதிரி இருக்குதுண்ணா. இதத் தூக்க பிந்துமா?"

"கூச்சோம்மா, உக்காரு," என்றார் வெங்கடரமணன். "லேசுன்னா எல்லாம் லேசு இல்ல. வெடிச்சா தோளை இது அதிகமா இடிக்கும். கனம் இருந்தாதான் குழல் அலையாம நிக்கும். மலை ஏறி நடக்கறவனுக்கு இது சொர்க்கம். ஒரே எடத்துல நிக்கறவனுக்கு யோசிச்சி எடுக்கணும்."

மெலிந்த கட்டையில் குழலைப் பொருத்தினார். முன்பாகம் குழலில் எங்காவது உரசுகிறதா என்று ஒரு தாளை இடையில் விட்டு இழுத்துப் பார்த்தார். தாள் தடையின்றி வந்தது. போல்ட் போடாமலே பக்கிரிசாமியிடம் நீட்டினார். சுவரில் ஒரு கறுப்புப் புள்ளி இருந்தது.

பக்கிரிசாமி தூக்கினார். கை நினைப்பதற்கு முன்பே அது தோளில் இருந்தது. பிடி அவருடைய சின்ன உள்ளங்கைக்கு அளவெடுத்ததுபோல் அமர்ந்தது. ஐம்பத்து மூன்று வயதில், விடிந்ததிலிருந்து நிற்கிறவருக்கு இது எவ்வளவு என்று அந்த ஒரு கணத்தில் தெரிந்தது. அவருக்கு அது வேண்டும் என்று தோன்றியது. ஆனால் குழல் முனை புள்ளியைச் சுற்றி மெல்ல அலைந்தது.

"இப்ப பழசத் தூக்கு," என்றார் வெங்கடரமணன், மறுபடி மரத்தைப் பொருத்திக் கொடுத்து.

மெதுவாகத் தூக்க வேண்டும் என்று பக்கிரிசாமி நினைத்துக்கொண்டார். உடம்பு கேட்கவில்லை. துப்பாக்கி ஏறியது, நின்றது. முனை புள்ளியை விட்டு நகரவில்லை.

"இது பிந்துதுன்னு எவன் சொன்னான்?"

"அஞ்சு மணி நேரம் நின்னா சார்?" என்றாள் தனபாக்கியம். "அன்னிக்கி கை ஓஞ்சி போச்சி அவுருக்கு."

"சரே. நிக்கட்டும். நீ டாக்டரைப் பாத்துட்டு வா."

அவள் போய்விட்டாள். பக்கிரிசாமி வயலில் நிற்பதுபோலத் துப்பாக்கியைக் குறுக்கே பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றார். வெங்கடரமணன் ஒரு பழைய குழலை எண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். டீ வந்தது. பக்கிரிசாமி குடிக்கவில்லை. அவள் வரும்போது கையைத் தொங்கவிட்டுவிடலாம். வலிக்கிறது என்று சொல்லிவிடலாம். கறுப்புக் கட்டையை வாங்கிக்கொண்டு ஊருக்குப் போய்விடலாம். யஸ்வந்த் பேசுவான். கூட்டம் வயலில் இறங்கும். புதுக் கட்டை இருக்கிறது, பயமில்லை என்று இறங்கும். டீ குடிக்கும் நேரத்தில் யாராவது ஒருத்தி பச்சைத் தோகைக்குக் கிழக்கே போவாள்.

ஒன்றேகால் மணி நேரம் கழித்து அவள் சீட்டோடு வந்தாள். மேசை ஓரத்தில் உட்கார்ந்தாள். வெங்கடரமணன் எதுவும் சொல்லாமல் ஒரு தகர டப்பாவைத் தரையில் தட்டிவிட்டார்.

சத்தம் அடங்கவில்லை. துப்பாக்கி பக்கிரிசாமியின் தோளில் இருந்தது. முனை புள்ளியில் இருந்தது.

"பாத்தியாம்மா? கட்டையில தப்பில்ல. வேணும்னா வாங்கிக்கோ, எனக்கு வியாபாரம். ஆனா அன்னிக்கி பிந்துனது கட்டை இல்ல."

தனபாக்கியம் துப்பாக்கியைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மரக்கட்டையோடே துப்பாக்கியைப் பையில் போட்டுக்கொண்டார்கள். பஸ் நிலையத்தில் ஒரு சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். சித்தூர் வண்டி ஒன்று நிரம்பிப் போனது. அவள் எழுந்திருக்கவில்லை.

"அன்னிக்கி தூக்கிட்டியாண்ணா?"

"தூக்கிட்டேன்."

"பன்னி தெரிஞ்சிதா?"

"தெரிஞ்சிது."

"அப்புறம் இன்னாத்துக்கு சுடல?"

"பின்னால நீ இருந்த."

அவள் புடவை முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். துடைக்க ஒன்றும் இல்லை.

"நேர்லயா?"

"நேர்ல. விரலு ட்ரிக்கர் மேல இருந்திச்சி. பாதி அமுக்கிட்டேன்."

"இத்தினி நாளா சொல்லாம வச்சிக்கினு இருந்தியே."

"நீ மட்டும் சொன்னியா? வரிசைக் கடைசில இருந்தேன்னு சொன்ன."

"மேஸ்திரி கூட்டத்த வுட்டே துரத்திடுவாருன்னு பயம். நீ வாயத் தொறக்கல. நல்ல மனுசன், எனக்காவ மறச்சிக்கினு இருக்கறான், ஆனா கை ஓஞ்சவன்னு நெனச்சிக்கினு இருந்தேன்." காலைத் தடவிக்கொண்டே, "எம் புள்ள உன்ன இன்னா இன்னா பேசினான்," என்றாள். "நானும் கேட்டுக்கினுதான் இருந்தேன்."

அடுத்த வண்டி வந்தது. ஏறினார்கள்.

வெள்ளிக்கிழமை பனி விலகுவதற்கு முன் கூட்டம் வயலோரம் கூடிவிட்டது. பதினெட்டுப் பேர். சண்முகம் பக்கிரிசாமியின் கையைப் பார்த்தார்.

"எங்கய்யா புதுக் கட்டை?"

"வாங்கல."

"இன்னாது? கூட்டம் ஒண்ணா சேந்து சொன்னா உனக்கு வெளயாட்டா?"

"மேஸ்திரி, அவர வுடு," என்றாள் தனபாக்கியம். "கட்டை மேல தப்பில்ல. அவுரு பிந்தவும் இல்ல. நான் கிழக்கால இருந்தேன். தோகை அறுக்கப் போனேன்."

பின்னால் ஒரு பெண், "ஒரு வருசமா அந்த மனுசன வாய்க்கு வந்தத பேசனோமே," என்றாள்.

பக்கிரிசாமி துப்பாக்கியின் முனையைத் தரையைப் பார்க்கத் தாழ்த்திப் பிடித்திருந்தார். "என்னிதையும் கேட்டுக்கங்க," என்றார். "அவ குறியில இருந்தா. நான் பாதி அமுக்கிட்டேன். நின்னது எப்பிடின்னு எனக்குத் தெரியாது. நெதானத்துலதான் நின்னேன்னு சாமி மேல சத்தியம் பண்ண மாட்டேன். இதக் கேட்டுட்டு நான் நிக்கறதா வேணாவான்னு நீங்க சொல்லுங்க."

சண்முகம் தலைத்துண்டை அவிழ்த்து மறுபடி கட்டினார். கரும்பைப் பார்த்தார். பிறகு தனபாக்கியத்தைப் பார்த்தார்.

"நீ இந்த வருசம் வரிசையில நிக்க வேணாம். லாரி மேல ஏறி உக்காரு. கட்டு எண்ணு."

"சரி மேஸ்திரி."

"யஸ்வந்துக்குத் தெரியுமா?"

"நேத்து சொன்னேன். போன வச்சிட்டான்."

சண்முகம் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "இவுரு நிக்கட்டுமா?"

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் ஒருவன் கத்தியை எடுத்துக்கொண்டு மேற்கு ஓரத்துக்கு நடந்தான். மற்றவர்கள் அவன் பின்னால் போனார்கள்.

பத்தரை மணிக்குக் கடைசித் துண்டு மட்டும் நின்றது. டீ குடித்து முடித்தார்கள். கரும்புக்குள் ஏதோ நகர்ந்தது, தோகை அசைந்து அடங்கியது. பக்கிரிசாமி மூலையில் நின்றார். தோள் வலித்தது. கறுப்புக் கட்டையின் லேசு கையில் இன்னும் இருந்தது. இந்தக் கனம் இன்னும் எத்தனை வருடத்துக்கு முடியும் என்று நினைத்தார்.

மேற்கே சண்முகத்தின் குரல் கேட்டது.

"கத்தி வைக்காதீங்க. மொதல்ல ஒவ்வொருத்தரா பேரு சொல்லுங்க. அவுருக்குக் கேக்கற மாதிரி."

முன்பு இப்படி ஒரு வழக்கம் இருந்ததில்லை. முதலில் சிரிப்புக் கேட்டது. பிறகு ஒரு ஆண் குரல் தன் பெயரைச் சொன்னது. பிறகு ஒரு பெண் குரல். பக்கிரிசாமி விரல் விட்டு எண்ணினார். பதினேழு பெயர்கள் மேற்கிலிருந்து, கரும்பின் மேலாக வந்தன. அதன் பிறகு அமைதி. அவர் காத்திருந்தார்.

"தனபாக்கியம்," என்று லாரியிலிருந்து கேட்டது.

அவர் துப்பாக்கியின் பாதுகாப்புத் தாழை விலக்கினார்.