மழைக்காலத்தில் ஆறு மணி நேரம்

வெள்ளைத் துணி சுற்றி உட்காரவைத்திருந்த கணவன் லெத்தோவின் உடலுக்கு முன்னால் யாங்கி மதியச் சோற்றை வைத்தாள். சிவப்பரிசிச் சோறு, மிளகாயும் பாலாடைக்கட்டியும் போட்ட குழம்பு, ஒரு கோப்பை வெண்ணெய்த் தேநீர். எரிக்கும்வரை மூன்று வேளையும் படைக்க வேண்டும். அழத்தான் கூடாது, அழுதால் போகிற உயிரின் வழியில் அது மழையாய்க் கொட்டும் என்பார்கள்.

விளக்குகளுக்கு வெண்ணெய் ஊற்றிவிட்டு வெளியே வந்தாள். லெத்தோவின் அண்ணன் சாங்கேயும், நீர்மின் நிலையத்தில் லெத்தோவின் இடத்துக்கு வந்திருந்த கேலேயும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். அவளைக் கண்டதும் நிறுத்தினார்கள்.

"என்னன்னு சொல்லுங்க."

"நாளைக்குக் காலைல ஒன்பது மணின்னு சோசியர் குறிச்சாச்சு. விறகும் ஆத்தங்கரையில அடுக்கியாச்சு" என்றார் சாங்கே. "இவன் என்னடான்னா, மேல மழை, காலைல அணைக் கதவைத் திறக்கணும்ங்கறான். திறந்தா சிதை முங்கிடும். இதை விட்டா பதினோரு நாளைக்கு நல்ல நாளும் இல்ல."

கேலே தயங்கினான். "ஒரு வழி இருக்கு அக்கா. இப்பவே திறந்து அணையைக் கொஞ்சம் காலி பண்ணிட்டா, நாளைக்கு ஒன்பதுலேர்ந்து மூணு வரைக்கும் மூடி வைக்கலாம். ஆனா மட்டம் இறங்கினா ஒரு மெஷினை நிறுத்தணும். இந்தியாவுக்குப் போற கரண்ட் குறையும். மேலதிகாரி, நீங்க கேட்டா செய்யலாம்னுட்டார்."

"இவ கேக்க மாட்டா. மழைக்காலத்துல ஒரு நாள்கூட அவன் மெஷினை நிக்க விட்டதில்ல. ஆத்தைத்தானே கட்டிக்கிட்டான்னு நானே எத்தனை தரம் கேலி பண்ணியிருக்கேன்" என்றார் சாங்கே.



மழைக்காலம்தான் பூட்டானுக்கு அறுவடை. மே முதல் அக்டோபர் வரை ஆறு நிரம்பி ஓடும். நான்கு எந்திரங்களும் சுழலும். மின்சாரம் மலையிறங்கி இந்தியாவுக்கு விலைக்குப் போகும். அந்த மாதங்களில் லெத்தோ நிலையத்தை விட்டு அசைய மாட்டான். ஆறு நூலாய் இளைத்து, அதே கம்பி வழியே இந்தியாவிடமிருந்து மின்சாரம் வாங்கும் குளிர்காலத்தில்தான் வீட்டுக்கு வருவான். ஊரெல்லாம் வெயிலுக்கு ஏங்கும்போது யாங்கி உறைபனிக்கு ஏங்கினாள். தோட்டத்துப் பீச் பழங்களை உலர்த்தி வைத்துத்தான் அவனுக்குத் தந்திருக்கிறாள். மகள் பிறந்ததும் ஒரு ஜூலையில்தான். "நாலும் ஓடுது, இப்ப எப்படி வர்றது?" என்று போனில் கேட்டான். சரி என்றாள். எல்லா வருஷமும் சரி என்றாள்.

ஏப்ரலில் ஓய்வு பெற்றான். "இந்த மழைக்கு வீட்டுலதான்" என்றான். ஜூன் பிறந்து மூன்று வாரம் இருந்தான். சாப்பிடும்போதும் ஆற்றுச் சத்தத்துக்குக் காது கொடுத்தபடியே இருப்பான். மாரடைப்பு வந்த காலையில் பீச் இன்னும் காயாகவே இருந்தது.

"மெஷினை நிறுத்துங்க" என்றாள் யாங்கி.

சாங்கே நிமிர்ந்து பார்த்தார். "அவன் இருந்தா ஒத்துக்குவானா?"

"இருந்தா நான் ஏன் கேக்கப்போறேன்?"

சாங்கே தலையைக் குனிந்துகொண்டார். கேலே போனை எடுத்துக்கொண்டு முற்றத்துக் கோடிக்குப் போனான்.

மறுநாள் ஆறு இறங்கியிருந்தது. ஜூன் மாதத்தில் ஆற்றின் கற்களை அவள் பார்த்ததே இல்லை. ஈரமாய், கறுப்பாய், அக்கரை வரை கிடந்தன. லாமாக்கள் ஓதினார்கள். ஈர விறகு முதலில் புகைந்தது, பிறகு நின்று எரிந்தது. மகள் ஒரு முறை வந்து அவள் கையைப் பிடித்துவிட்டுப் போனாள்.

மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால் எல்லோரும் மேடேறத் தொடங்கினார்கள். யாங்கி மட்டும் பாறையில் உட்கார்ந்திருந்தாள். தணல் அடங்கிக்கொண்டிருந்தது. கேலே அருகில் வந்து நின்றான்.

"மணியாயிடுச்சு அக்கா. மெஷினை ஓட்டச் சொல்லவா?"

அவள் உடுப்பின் ஓரத்தை இழுத்துக்கொண்டு, பாறையில் சற்று நகர்ந்து இடம் விட்டாள்.

கேலே மேடுவரை ஒருமுறை பார்த்தான். பிறகு போனை அங்கியின் மடிப்புக்குள் போட்டுக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.