நியூட்ரல் அறுந்த மதியம்

மின்சாரப் புகார் அலுவலகத்தில் அன்று மதியம் போன் எடுக்க அவள் ஒருத்திதான். இரண்டேகாலுக்கு முதல் அழைப்பு வந்தது.

"மேடம், பல்பு கண்ணைக் கூசுது. ஃபேன் பிச்சுக்கிட்டுப் பறந்துடும் போல சுத்துது."

அடுத்த அழைப்பும் அதே தெருதான். "எங்க வீட்டுல லைட்டு மின்மினி மாதிரி மினுங்குதுங்க."

ஒரு வீட்டில் மின்னழுத்தம் கூடி இன்னொரு வீட்டில் குறைகிறதென்றால், கம்பத்தில் நியூட்ரல் கம்பி அறுந்திருக்கிறது. டிவி, ஃப்ரிட்ஜ் எதுவும் தாங்காது. இருவரிடமும் மெயினை அணைக்கச் சொல்லிவிட்டு லைன்மேனைக் கூப்பிட்டாள்.

"இருபது நிமிஷமாவது ஆகும்மா."

"மொத்தமா நிறுத்திடுங்களேன்?"

"அதே லைன்ல ஆஸ்பத்திரி இருக்கே. பெரிய அதிகாரி சொல்லாம கை வைக்க முடியாது."

புகார் வந்தது அவள் வீடிருக்கும் தெருவிலிருந்து. வீட்டில் மாமியார் மட்டும்தான். சாப்பிட்டதும் காது மெஷினைக் கழற்றி வைத்துவிட்டுத் தூங்குபவர். இடி விழுந்தாலும் எழ மாட்டார். இருந்தும் போன் அடித்துப் பார்த்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது.

பக்கத்துச் சுவர் ஓரகத்தி வீடு. வீட்டைப் பாகம் பிரித்ததிலிருந்து ஒன்றரை வருஷமாக ஒருவர் முகத்தில் ஒருவர் முழிப்பதில்லை. ஓரகத்தியின் நம்பரை அழுத்தினாள். இரண்டாவது மணியிலேயே கட் ஆனது. மறுபடி அழுத்தினாள்.

"என்ன வேணும் உனக்கு?"

"அக்கா, திட்டுறதை அப்புறம் திட்டுங்க. முதல்ல வெளியில வந்து உங்க மெயினை அணைங்க, பக்கத்துல எங்களுதையும் அணைங்க. அத்தை உள்ள தூங்குறாங்க."

எதிர்முனையில் செருப்புச் சத்தம். டக். இன்னொரு டக்.

"அணைச்சாச்சு. ஆனா உன் ஜன்னல்ல புகை வருதுடி!"

"ஃப்ரிட்ஜ் ஸ்டெபிலைசரா இருக்கும். கதவைத் தட்டாதீங்க, கேட்காது. உடைங்க!"

சுத்தியல் அடி போனிலேயே கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று. மேஜையில் மற்ற போன்கள் அலறின. அவள் ஒரு கையால் எடுத்து, "மெயினை அணைங்க, அணைங்க" என்று கிளிப்பிள்ளை மாதிரி சொல்லிக்கொண்டிருந்தாள். இன்னொரு காதில் மரம் பிளந்தது. இருமல். ஏதோ உருண்டது. அப்புறம் எதுவுமே கேட்கவில்லை.

"அக்கா? அக்கா!"

ஒரு நிமிஷமாவது போயிருக்கும்.

"ஏண்டி ஃபேனை நிறுத்துனேன்னு என்னைத் திட்டுறாங்க உன் மாமியார்," என்றாள் ஓரகத்தி, மூச்சு வாங்கியபடி. "கைத்தாங்கலா வெளிய கொண்டாந்துட்டேன். திரைச்சீலை பத்திக்கிச்சு, போர்வையைப் போட்டு அமுக்கிட்டேன்."

"உங்க கை?"

"லேசா சுட்டுருக்கு."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அடுத்த போனை எடுத்தாள். அரை மணி கழித்து லைன்மேன் கம்பியைச் சேர்த்துவிட்டதாகச் சொன்ன பிறகே நாற்காலியை விட்டு எழுந்தாள்.

வீட்டில் ஃப்ரிட்ஜும் டிவியும் போயிருந்தன. கதவு பெயர்ந்து கிடந்தது. மாமியார் ஓரகத்தி வீட்டுக் கட்டிலில் காது மெஷினோடு உட்கார்ந்திருந்தார். "உங்க ரெண்டு பேருக்குள்ள பேச்சுவார்த்தை இல்லைதானே?" என்றார்.

"இப்பவும் இல்லை," என்றாள் ஓரகத்தி, சுட்ட கையை நீட்டியபடி. "மருந்து போடத் தெரியுமா உனக்கு?"

அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.